சுவருக்கு வைத்த கண்ணாடி

ஜப்பான்காரர் எங்கள் கல்லுச் சுவரைத் தடவிக்கொண்டு நின்ற முதல் காலையிலேயே எனக்கு அவர்மேல் சந்தேகம் விழுந்தது. அடுப்படிக் கதவைத் திறந்தவள் கையிலிருந்த தேயிலைச் சக்கையைக் கொட்டாமல் அப்படியே நின்றுவிட்டேன். மனுசன் இரண்டு கைகளையும் சுவரில் வைத்து, காதையும் கல்லோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டுச் சிரித்து, "சுப உதேசனக், நங்கி" என்றார், காலை வணக்கம் தங்கச்சி என்று.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் சிங்களத்தில் இரண்டு சொல் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். இவர் சரளமாகவே கதைத்தார். வாலிப வயதில் பன்விலப் பக்கம் மரக்கறிச் செய்கை சொல்லிக்கொடுக்க வந்து சில வருடம் தங்கியவராம். பெண்சாதி மௌத்தாகித் தனியாளான பிறகு பழைய இடங்களை ஒருக்கால் பார்த்துவிட்டுப் போக ஆசை வந்ததாம். எங்கள் வீட்டோடு ஒட்டினாற்போல் தனி வாசல் வைத்த அறை ஒன்றை வாடகைக்கு விடுகிறோம். கட்டாரில் இருக்கும் என் கணவர் ஃபோனில், "வயசான மனுசன் தானே, குடுங்கொ" என்றார். கொடுத்தேன். சிங்களம் தெரிந்த ஜப்பான்காரர் என்று முதலே தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்பது வேறு கதை.

என்னைச் சந்தேகப் பிராணி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், என் தங்கச்சியும் அதைத்தான் சொல்வாள். ஆனால் எங்கள் இருப்பிடத்தையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியிலிருந்து மேலே ஏறும் ஒழுங்கையில், மலையை வெட்டிய இடத்தில் எங்கள் வீடு. அடுப்படிக்குப் பின்னால் இரண்டாள் உயரத்துக்குக் கல்லுச் சுவர். சுவருக்கு மேலே என் கணவரின் நாநா, அதாவது அண்ணன், எனக்குப் பெரிய மச்சான், அவருடைய வீடு. அவர் வீடு கீழே சரியாமலும் எங்கள் வீட்டின்மேல் மலை விழாமலும் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சுவர்தான். அந்த வீட்டை விட்டால் எனக்கும் என் மகளுக்கும் வேறு போக்கிடம் கிடையாது. என் மனுசன் பாலைவனத்து வெயிலில் காய்ந்து கட்டிய வீடு.

கண்டிப் பக்கத்தில் பழைய கல்லைத் தடவுகிறவர்கள் யார் யாரென்று எங்களுக்குத் தெரியும். புதையல் தோண்டுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. மந்திரிக்கிற ஆளோடு வருவார்கள், குழியை வெட்டிப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். அவர்களைக்கூடச் சமாளிக்கலாம். 'இது பழசு' என்று எழுதிக்கொண்டு போகிற தொல்பொருள் ஆட்கள்தான் எனக்குப் பயம். அவர்கள் போனபிறகு ஒரு பலகை வரும். பலகை வந்த இடத்தில் ஆணி அடிக்கவும் கேட்டுத்தான் அடிக்கவேண்டும் என்பார்கள். பிறகு, இந்த இடம் உங்களுடையது தானா என்ற கேள்வியும் வரும். எங்களைப் போல முஸ்லிம் ஆட்களைப் பார்த்தால் அந்தக் கேள்வி கொஞ்சம் சீக்கிரமாகவே வரும். அப்படி எங்கள் ஒழுங்கையில் நடந்ததாக நான் கண்டதில்லை. ஆனால் அங்கே நடந்தது, இங்கே நடந்தது என்று கேட்டுக் கேட்டே எங்களுக்கு நித்திரை போயிருந்தது.

அன்றைக்கே பெரிய மச்சான் மேலிருந்து எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தங்கச்சி, அந்தாளு என்னத்த தேடுறாரு? செவுத்துல என்ன ஈக்கி?"

"எனக்கென்ன தெரியும் மச்சான்? காத வெச்சிக் கேட்டுக்கிட்டு ஈக்கிறாரு."

"கல்லு கதைக்குதாமா? கவனம்."

வாயைக் கிண்டிப் பார்ப்போம் என்று அன்று பின்னேரம் ப்ளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுபோய் முற்றத்துக் கதிரையில் வைத்தேன். மகளையும் பக்கத்தில் நிற்கவைத்தேன். ஏன் சுவரைப் பார்க்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். அவர் ஃபோனை எடுத்து ஒரு படம் காட்டினார். ஒரு குன்று, குன்று நிறைய மரம், மரத்துக்குள் பாசி பிடித்த பெரிய கல்லுச் சுவர்.

"எங்கள் ஊர்க் கோட்டை" என்றார்.

"கோட்டை எங்கே?"

"இல்லை. சுவர் மட்டும்தான்."

இல்லாத கோட்டையைக் காட்டுகிற ஆளை என்னவென்று சொல்வது? ஆனால் அவர் சொன்ன கதையை நான் முழுக்கக் கேட்டேன், அதை மறைக்கமாட்டேன். சின்னச் சின்னப் பிரபுக்கள் ஒருவரோடொருவர் சண்டை பிடித்த காலத்தில் அவர்கள் ஊர்ப் பிரபு அந்தக் குன்றின்மேல் கோட்டை கட்டினாராம். சனங்கள் ஆற்றிலிருந்து கல்லை மரச்சட்டத்தில் ஏற்றிக் கயிறு போட்டு இழுத்தார்களாம். கல் போதாமல் போனபோது மையவாடியில் புதைகுழிக்கு மேல் வைத்த கல்லையும் கோயில் கல்லையும் பிடுங்கிக் கொண்டுவந்து சுவருக்குள் வைத்தார்களாம். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. முன்னால் பெரிய கல்லை வைத்து, அதற்குப் பின்னால் சின்னக் கல்லாக நிரப்பி, மழைத்தண்ணீர் கல்லிடுக்கால் கசிந்து போக வழி விட்டார்களாம். அதனால்தான் அத்தனை காலம் நின்றது என்றார்.

"பிறகு ஏன் இடிந்தது?"

"இடியவில்லை, விற்றார்கள்" என்றார். பிரபுக்களின் ஆட்சி முடிந்து புது அரசாங்கம் வந்ததும், இனிக் கோட்டைகள் எதற்கு என்று கட்டளை வந்ததாம். கூரை வளை, தூண், கதவு எல்லாம் ஏலத்தில் போயின. பிரபு இருந்த மண்டபத்துப் பலகையை, காசுக்குச் சுடுதண்ணீரில் குளிக்கவிடுகிற குளிப்பறைக்காரன் வாங்கித் தண்ணீர் சுடவைத்தானாம். சுவரை மட்டும் யாரும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போக முடியாதே.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் ஊர் நகரசபையில் வேலை பார்த்தவர். சில வருடங்களுக்கு முன் பூமி அதிர்ந்து கோட்டைச் சுவரின் ஒரு மூலை சரிந்தது. விழுந்த கல்லை ஒவ்வொன்றாக வயலில் பரப்பி, இலக்கம் போட்டு, எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடிப்பது இவருடைய வேலையாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மகள் கேட்டாள். ஊர்ச் சனங்களிடம் பழைய படங்கள் கேட்டார்களாம். பூக்காலத்தில் சுவருக்கு முன்னால் நின்று எடுத்த படம், கல்யாணப் படம், பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்ற படம். ஆட்களுக்குப் பின்னால் தெரிகிற கல்லைத்தான் இவர்கள் பார்த்தார்களாம்.

அதைச் சொல்லிவிட்டு மனுசன் அடுத்ததாகக் கேட்டது என்ன தெரியுமா? "நங்கி, உங்கள் சுவருக்கு முன்னால் நின்று எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா?"

யா அல்லாஹ்! குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் வந்து குடும்பப் படம் கேட்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். "எங்கள் ஆட்கள் படம் எடுப்பதில்லை" என்று சிங்களத்தில் சொன்னேன். பச்சைப் பொய். பெருநாளைக்குப் பெருநாள் அந்தச் சுவரடியில் நின்று எடுத்த படம் அலுமாரி நிறைய இருந்தது. அவர் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு போகிற போக்கில், "அடியில் இருக்கிற வரிசைகள் மிகவும் பழசு, நன்றாகத் தெரிந்தவர்கள் வைத்த கல்" என்று வேறு சொன்னார். பழசு என்ற அந்தச் சொல் அன்று முழுக்க என் காதில் கிடந்தது.

அடுத்த கிழமை மழை தொடங்கியது. ஹுன்னஸ்கிரியப் பக்கம் மேகம் இறங்கினால் எங்களுக்கும் விடாது. ஒரு காலை சுவரில் ஏதோ மின்னுவதைக் கண்டு கிட்டப் போனேன். விரலகலக் கண்ணாடித் துண்டுகள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் குறுக்கே, இரண்டு நுனியையும் சீமெந்தால் ஒட்டி, இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்திருந்தது. செய்வினை என்பதுதான் முதலில் மனதில் ஓடியது. ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே அவருடைய கதவைத் தட்டினேன்.

அவர் பதறாமல் வந்து விளக்கம் சொன்னார். சுவர் மயிரளவு அசைந்தாலும் கண்ணாடி முறியும். கல் அசைவது கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடி முறிந்தால் தெரியும். அவர்கள் கோட்டையில் இப்படித்தான் பார்ப்பார்களாம். பிறகு என்னைச் சுவரின் ஓரத்தில் நிற்கவைத்து, அதன் நீளத்துக்குப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நடுவில் சுவர் முன்னால் தள்ளி இருந்தது. "வயிறு வைத்திருக்கிறது" என்றார். கல்லிடுக்கை எல்லாம் சீமெந்தால் அடைத்திருக்கிறது (அது என் மாமனார் காலத்து வேலை), மேலே பெரிய மச்சான் முற்றத்துக்குக் கொங்கிரீட் போட்டுத் தண்ணீர்த் தாங்கியும் வைத்திருக்கிறார், வந்த தண்ணீர் போக வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் நிற்கிறது என்று விரலால் காட்டிக்காட்டிச் சொன்னார். கடைசியில் சொன்னதுதான் பெரிய விசயம்.

"மழை முடியும்வரைக்கும் நீங்களும் மேல்வீட்டுக்காரர்களும் வேறு எங்காவது இருப்பது நல்லது."

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. அல்லது பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். கதை, கோட்டை, கண்ணாடி எல்லாம் எதற்கு? வீட்டைக் காலி பண்ணவைக்கத்தான். மேலே போய்ப் பெரிய மச்சானிடம் சொன்னேன். அவர் சோற்றுக் கையை உதறிக்கொண்டு எழும்பினார்.

"பாத்தீங்களா? ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதை! நாங்க அங்கால போனா அந்தாளு இங்கால தோண்டுவாரு. இல்லாட்டி யாரயாச்சும் கூட்டிக்கிட்டு வந்து எழுதிக் குடுப்பாரு. ஒருத்தரும் ஊட்ட விட்டு அசையவாணா, வெளங்கிச்சா?"

வெளங்கிச்சு. அசையவில்லை. அறையை விட்டுப் போகச் சொல்ல நினைத்தேன், ஆனால் கண்ணுக்கு முன்னால் இருந்தால் என்ன செய்கிறார் என்று பார்க்கலாமே என்று விட்டுவைத்தேன். அவர் போகிற வருகிற நேரமெல்லாம் அடுப்படி ஜன்னலில் நின்றேன். கறி அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

சில நாள் கழித்து அவர் வந்து என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி ஒன்று நடுவால் முறிந்திருந்தது. பெரிய மச்சானும் இறங்கி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார், "இவர்ட வேலதான். வெச்சவருக்கு ஒடைக்க ஏலாதா?"

ஜப்பான்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார் போலிருக்கிறது. "எங்கள் கோட்டையிலும் உடைந்தது" என்றார். "பள்ளிப் பிள்ளைகள் பந்தடித்து உடைத்திருப்பார்கள் என்று நகரசபையில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். பூமி அதிர்ந்தபோது அந்த மூலைதான் முதலில் விழுந்தது." சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் தலையைக் குனிந்தார். நல்லாய் நடிக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

கள்ளனைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கவேண்டும் என்று அப்போதுதான் யோசனை வந்தது. குளிப்பறை ஒழுக்குக்குப் பூசிய சீமெந்து கொஞ்சம் மீந்திருந்தது. உடைந்த படச்சட்டக் கண்ணாடியில் ஒரு துண்டு எடுத்தேன். அவர் பஸ் ஏறி டவுனுக்குப் போன நேரம் பார்த்து, விறகு அடுக்கியிருந்த மூலையில் விறகை நகர்த்தி, அவர் செய்த மாதிரியே இரண்டு கல்லுக்குக் குறுக்கே ஒட்டினேன். காய்ந்ததும் விறகைத் திரும்ப அடுக்கினேன். மகளுக்கும் சொல்லவில்லை. என் கண்ணாடி முறியாமல் இருக்க அவருடையது மட்டும் முறிந்தால், அறைச் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவது என்று முடிவு.

அடுத்தடுத்து மழை. அவருடைய கண்ணாடி இன்னும் இரண்டு முறிந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், இனி அகப்பட்டார் என்று. மகள் வகுப்புக்குப் போனதும் விறகை நகர்த்திப் பார்த்தேன்.

என் கண்ணாடி முறிந்திருந்தது. முறிந்தது மட்டுமில்லை, இரண்டு துண்டுக்கும் நடுவில் என் சின்னிவிரல் நுழைந்தது.

அந்த இடத்திலேயே விறகின்மேல் உட்கார்ந்துவிட்டேன். சந்தேகப்பட ஆளில்லாமல் போனால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் வைத்தது, எனக்கு மட்டும் தெரிந்தது. சுவரைத் தவிர வேறு யார் உடைப்பது? என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சுவர் நின்றது. எழும்பி, மீதிக் கண்ணாடியையும் சீமெந்துப் பையையும் தூக்கிக்கொண்டு, படியில் இரண்டு இரண்டாகக் கால் வைத்து மேல்வீட்டுக்கு ஓடினேன்.

பெரிய மச்சான் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களா வெச்சீங்க?"

"நாந்தான் மச்சான். ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப நீங்களே ஒடச்சிட்டு வந்து கதைக்கிறீங்க."

நான் அந்த மனுசனைப் பார்த்து என்ன சொன்னேனோ அதையே இவர் என்னைப் பார்த்துச் சொல்கிறார்.

"செவரு ஒங்கட பக்கமா எங்கட பக்கமாண்டு எண்ட தம்பியோட கதச்ச நாள்லேந்து ஒங்கட எண்ணம் எனக்குத் தெரியும்" என்றார். "ஜப்பான்காரனோட சேந்து எங்கள எறக்கப் பாக்கிறீங்க. நடக்காது."

அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கையில் இருந்த கண்ணாடி மிச்சத்தையும் சீமெந்துப் பையையும் அவருடைய மேசையில் வைத்தேன். "இந்தாங்கொ. நீங்களே வெய்யிங்கொ. எனக்கும் சொல்லவாணா, அவருக்கும் சொல்லவாணா. ஒங்கட புள்ளைகள மட்டும் யோசிச்சுப் பாருங்கொ!" அவருடைய பெண்சாதி அடுப்படி வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கீழே வந்து ஜப்பான்காரரிடம் டவுனில் ஒரு அறை பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, பையைத் தூக்கிக்கொண்டார். நானும் மகளை வகுப்பிலிருந்து நேராகக் கூட்டிக்கொண்டு அக்குறணையில் என் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். உடுத்த உடுப்பும் ஒரு பையும்தான்.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்கிற நேரம் தங்கச்சி வீட்டு வாசலில் த்ரீவீல் ஒன்று வந்து நின்றது. பெரிய மச்சான், அவருடைய பெண்சாதி, பிள்ளைகள். "தங்கச்சி, ஒரு ரூம் ஈக்குமா?" என்று என்னிடம் கேட்டார். தலையை நிமிர்த்தவில்லை. பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார், முறிந்திருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை சுவர் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஃபோன் எடுத்துச் சொன்னார். போய்ப் பார்த்தால் என் அடுப்படியும் அதற்கடுத்த அறையும் இல்லை. நாங்கள் படுக்கிற அறை அது. பெரிய மச்சானின் முற்றம் தண்ணீர்த் தாங்கியோடு என் வீட்டுக்குள் கிடந்தது, அவருடைய முன்னறை பாதி ஆகாயத்தில் தொங்கியது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மழை ஓய்ந்ததும் ஜப்பான்காரர் சோக்குக் கட்டியோடு வந்துவிட்டார். புரண்டு கிடந்த கல்லுக்கெல்லாம் இலக்கம் போட ஆரம்பித்தார். திரும்பக் கட்டும்போது சீமெந்தால் அடைக்கவேண்டாம், பின்னால் சின்னக் கல்லைப் போட்டுத் தண்ணீருக்கு வழி விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே போட்டார். சேற்றுக்குள் குனிந்து குனிந்து அவர் செய்ததைப் பார்த்து ஒழுங்கைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இதிலும் ஏதோ இருக்கும் என்று ஒருத்தர் என் காதுபடச் சொன்னார். தப்பிய அறையிலிருந்த அலுமாரியைத் திறந்து பெருநாள் படங்களை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தேன். பெரிய மச்சானும் தன் கல்யாண அல்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார். மாப்பிள்ளைக் கோலத்தில் அவர், பின்னால் நேராக நிற்கிற சுவர்.

படங்களை ஜப்பான்காரர் புரட்டிக்கொண்டிருக்கும்போது நான் மெதுவாகக் கேட்டேன், "மச்சான், நீங்க வெச்ச கண்ணாடி எப்ப ஒடஞ்சிச்சு?"

"நான் எங்க வெச்சன்? அது மேசையிலேயே கெடந்திச்சு."

"அப்ப என்னத்த நம்பி வந்தீங்க?"

அவர் சேற்றைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார். "பின்னேரம் அசருக்குப் பொறகு கீழ எறங்கினன், ஒங்களுக்கு நல்லா ரெண்டு ஏச்சுக் குடுக்கத்தான். வந்து பாத்தா ஆளில்ல, முன் கதவு தொறந்து கெடக்குது. கொடியில உடுப்பு எடுக்கப் போனாலும் பூட்டுப் போட்டுட்டுப் போற பொம்புள நீங்க. கதவ விட்டுட்டுப் போயீக்கிறீங்கண்டா… அதுக்குப் பொறகு எனக்கு அந்த ஊட்டுல நிக்க ஏலாமப் போச்சு."

அவர் சொல்லும்வரைக்கும், அன்று கதவைப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.